வெயிலில் எரிந்த முன்விளக்குகள்

பதுளையிலிருந்து திரும்பி மூன்று வாரமாகிறது. இன்னும் திருச்சியில், பட்டப்பகலில், காரை நிறுத்திவிட்டுப் பத்தடி நடந்ததும் திரும்பி வந்து முன்விளக்கைப் பார்க்கிறேன். "எதைத் தொலைச்சீங்க?" என்று மனைவி கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை இதில் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். இருபத்தாறு வருஷமாக மின்கலங்களைத் தொடரிணைப்பிலும் பக்க இணைப்பிலும் கரும்பலகையில் வரைந்து வந்திருக்கிறேன். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

பயணத்துக்குக் காரணம் ஒரு காகிதம். வீட்டுப் பத்திரத்தில் என் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி இருந்தது, மற்ற ஆவணங்களில் வேறு மாதிரி இருந்தது. மூலப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் வக்கீல். அப்பா பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இருபது வயதில் கப்பலேறி வந்தவர், அந்த இடத்தைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. கல்லூரி விடுமுறையில் இருந்த மகள் மது, "நானும் வர்றேன்பா" என்று கிளம்பிவிட்டாள். அவளுக்கு இருபத்தொரு வயது. எனக்கு அவள் ஒரே பிள்ளை.

முதல் நாள், வாடகைக்கு எடுத்த பழைய ஜப்பான் காரை நானே ஓட்டிக்கொண்டு மலை ஏறினேன். ஹல்துமுல்லையை நெருங்கும்போது சாலை காணாமல் போனது. வெள்ளைத் துணியைக் கண்ணாடி மேல் போர்த்தியது போல ஒரு மூட்டம். எதிரே ஒரு பஸ் அலறிக்கொண்டு வந்து என் கதவை உரசாத குறையாகப் போனது. ஓரமாக இருந்த கடையில் நிறுத்தி இறங்கினேன்.

கடைக்காரர் கேட்காமலே சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பால் இல்லாத வெறும் தேநீர். பக்கத்தில் சூடாகப் பருப்பு வடை.

"லைட்ட போடாம வந்தீங்களா சார்?"

"பகல்தானேங்க?"

"மிஸ்டுக்கு பகலு ராத்திரி கெடையாதுங்க. லைட்டு நீங்க பாக்குறதுக்கு இல்ல. எதுக்க வர்றவன் ஒங்கள பாக்குறதுக்கு."

திருச்சியில் பகலில் விளக்கெரிய வண்டி ஓட்டினால் போகிறவர் வருகிறவரெல்லாம் கையை மூடித் திறந்து காட்டுவார்கள். இங்கே போடாததுதான் குற்றம். போட்டுக்கொண்டேன். அன்று மாலை பதுளையில் விடுதி வாசலில் இறங்கியதும் காவல்காரர் ஓடி வந்து காரின் மூக்கைச் சுட்டிக் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. மது சிரித்தாள். "அப்பா, லைட்டு!" அந்தக் காருக்கு, விளக்கை அணைக்காமல் இறங்கினால் மணி அடித்துச் சொல்லும் வசதியெல்லாம் கிடையாது. மனத்தில் குறித்துக்கொண்டேன். அதாவது, குறித்துக்கொண்டதாக நினைத்தேன்.

இரண்டாம் நாள் கச்சேரியில் கழிந்தது. எங்கள் ஊரில் கச்சேரி என்றால் பாட்டு. இங்கே மாவட்ட அரசு அலுவலகம். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் எழுதுவினைஞர். "இருங்கோ ஐயா, பழைய புத்தகம் இறக்க வேணும்" என்று போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு வந்தார். அப்பாவின் பெயர் அதில் மூன்றாவது மாதிரியாக இருந்தது! ஆனாலும் தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் சரியாக இருந்தன. மத்தியானம் ஒரு சின்னக் கடையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். சம்பலில் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருக்கிறார்கள் என்பது இரண்டாவது வாயில்தான் தெரிந்தது. மது கண்ணில் நீர் வழிய மூன்று ரொட்டி சாப்பிட்டாள்.

"அப்பா, இந்தத் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலதானாம். போய்ப் பாத்துட்டு வந்துரலாமே."

"அங்க என்ன இருக்கு பாக்க?"

"தெரியாது. அதான் பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மலைப்பாதை பயம், பாம்பு பயம், அட்டை பயம். குளவி பயம் மட்டும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஹாலிஎல தாண்டி ஏற ஏற மிஸ்ட் இறங்கியது. சமர்த்தாக விளக்கைப் போட்டேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். எட்டரை மணிக்குத் தோட்டத்து மடுவத்தின் முன்னால் போய் நின்றபோது, யாரோ திரையைச் சுருட்டியது போல மூட்டம் விலகிப் பளீரென்று வெயில் அடித்தது. மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. காரை அதற்கு முதுகு காட்டி, மூக்கு மலையைப் பார்க்க நிறுத்தினேன். அந்த நொடியில் போன் அடித்தது. மனைவி. "சாப்பிட்டீங்களா? அவ ஸ்வெட்டர் போட்டிருக்காளா?" பதில் சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மடுவத்தின் பக்கத்தில் தோட்டத்தின் கொழுந்து லொறி ஜாக்கியில் நின்றது. முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். லொறிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவைதான் யோகராஜ், லொறியின் டிரைவர். நாற்பது வயதிருக்கும். கால்களோடுதான் முதலில் பேசினேன்.

"இந்தியாவுலேர்ந்தா சார்? எந்த ஊரு?"

"திருச்சி."

"எங்க பாட்டனுக்கும் திருச்சிப் பக்கந்தான். நாங்க யாரும் போனதில்ல. ஒக்காருங்க, சாயத்தண்ணி வரும்."

மது போனைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலையின் நடைபாதையில் ஏறிவிட்டாள். மேலே கொழுந்து பறிக்கும் பெண்களின் குரல் கேட்டது. நான் மடுவத்துப் பலகையில் உட்கார்ந்து, அடிக்கடி எழுந்து அவள் தெரிகிறாளா என்று பார்த்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் இருந்தேன். அவ்வளவு நேரமும் காரின் முன்விளக்குகள் மலையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. மடுவத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. வெயிலில் பின்விளக்கின் சிவப்பும் கண்ணில் படவில்லை.

பத்தரை மணிக்கு மேலே ஒரு கூச்சல்.

"குளவி! குளவி! படு! படுத்துக்க!"

பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பெரிய மரத்திலிருந்த கூட்டைப் பருந்து கலைத்துவிட்டதாம். நான் பாதையில் ஏறி ஓடினேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்தார்கள். திமிறினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நாலு பேராக மதுவைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். அவளுடைய தலையையும் முதுகையும் ஒரு படங்கு மூடியிருந்தது. கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த விரிப்பு அது. அதற்குச் சொந்தக்காரி பின்னால் நடந்து வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தும் காதும் தடித்துச் சிவந்திருந்தன. அவர் பெயர் லெச்சுமி. தன் படங்கை அவிழ்த்து மதுவின் மேல் போட்டு, அதன் மேல் தானும் கவிழ்ந்து படுத்திருக்கிறார்.

டிஸ்பென்சரி இருபது எட்டில் இருந்தது. அங்கே இருந்த மருத்துவ உதவியாளரும் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். இருவருக்கும் ஊசி போட்டார். மதுவின் உதடு தடித்துப் புரண்டிருந்தது. மூச்சை இழுக்கும்போது மெல்லிய விசில் கேட்டது.

"ஊசி போட்டிருக்கிறன். இப்ப இறங்கும். ஆனா திரும்பவும் ஏறலாம். இஞ்ச வச்சிருக்கேலாது. ஒரு மணித்தியாலத்துக்குள்ள பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ரெண்டு பேரையும்."

அவரே அம்புலன்ஸுக்கும் பேசினார். பக்கத்தில் இருந்த வண்டி மொனராகலைப் பாதையில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. அடுத்தது வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகுமாம். லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பின் ஆட்டோக்கள் இரண்டும் ஹாலிஎலவுக்குச் சவாரி போயிருந்தன. தோட்ட மேலாளரான துரையின் ஜீப் ஊரில் இல்லை. லொறி மூன்று சக்கரத்தில் நின்றது. "என்கிட்ட கார் இருக்கு" என்று ஓடினேன். பெருமையாகக்கூட இருந்தது.

சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடியும் திருப்பினேன். அந்த 'டிக்'கும் இல்லை.

உடனே பத்துப் பதினைந்து பேர் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்த மலையில் எல்லா வண்டியையும் சரிவைப் பார்த்துத்தான் நிறுத்துவார்களாம். கிளம்பாவிட்டால் உருட்டிவிடலாம். "ஏறி உக்காருங்க சார், தள்ளிவிடுறோம்!"

"ஆட்டோமேட்டிக் கியர். தள்ளினா கிளம்பாது" என்றேன்.

"தள்ளுனா கெளம்பாதா? அப்படி ஒரு வண்டிய எவன்டா செஞ்சான்?" என்றார் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

யோகராஜ் லொறிக்கு அடியிலிருந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கக் கதவைத் திறந்தார். எட்டி உள்ளே பார்த்தார். ஸ்டியரிங்கின் ஓரத்தில் இருக்கும் விளக்குக் குமிழை அவர் விரல்கள் மெதுவாகத் திருகின. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"பேட்டரி எறங்கிருச்சு" என்று நிமிர்ந்து கூட்டத்துக்குச் சொன்னார். "பழைய பேட்டரி போல. வாடக வண்டிதானே."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், பழைய பேட்டரி.

லொறியின் பெட்டியிலிருந்து கேபிள் எடுத்தார். வெல்டிங் கேபிளை வெட்டி அவரே செய்தது. இரண்டும் கறுப்பு. ஒன்றின் ஒரு நுனியில் மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. நான் அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். லொறியின் பேட்டரிப் பெட்டி காரிலிருந்து ஆறடிதான். ஓடிப்போய் மூடியைத் திறந்தேன்.

"கைய எடுங்க சார்!"

"என்னது?"

"அதுல மாட்டாதீங்க."

"என் பொண்ணு மூச்சு விட முடியாம கெடக்குறாய்யா! ஒன் லொறிதான் ஓடலையே, பேட்டரிய குடுத்தா என்ன கொறஞ்சிரும்?" பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிக் கத்தியதில்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. "குடுக்காம இல்ல சார். இது லொறி. இருபத்தி நாலு வோல்ட்டு. ஒங்க காரு பன்னெண்டு. அப்படியே மாட்டுனா பேட்டரி வெடிச்சாலும் வெடிக்கும். வெடிக்கலேன்னா உள்ள இருக்குற கம்ப்யூட்டரு கருகிரும். அப்புறம் அந்தக் காரு இன்னிக்கி நகராது."

பெட்டிக்குள் பார்த்தேன். இரண்டு பேட்டரிகள். ஒன்றின் பிளஸ்ஸிலிருந்து அடுத்ததன் மைனஸுக்கு ஒரு தடித்த பட்டை. நான் கரும்பலகையில் ஆயிரம் தடவை வரைந்த படம். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநான்கு என்று எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அது இங்கே அழுக்கும் கிரீஸுமாக என் கண்ணுக்கு நேரே இருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஒன்ன மட்டும் கழட்டி எடுத்துட்டு வர்றேன். தனியா எடுத்தா அது பன்னெண்டுதான். பத்து நிமிஷம் குடுங்க."

"பத்து நிமிஷமா!"

டிஸ்பென்சரி வாசல் பெஞ்சில் மதுவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லெச்சுமி அங்கிருந்தே சத்தம் போட்டார். "டேய் யோகு! நீ கழட்டி முடிக்கறதுக்குள்ள எனக்கு கருமாதி சோறு ஆக்கிருவாங்கடா!"

"நீ போனா எமன் கதவ சாத்திருவான்க்கா. ஒன் வாய்க்கு பயந்தே."

சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கிறவர்களைப் பார்க்கவே பொறுக்கவில்லை. மதுவிடம் ஓடினேன். அவள் மார்பு ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபத்தெட்டு. "அப்பா, அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். உதடு தடித்ததால் பேச்சு குழறியது. திரும்ப யோகராஜிடம் ஓடினேன்.

அவர் ஸ்பேனரின் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிக்கொண்டிருந்தார். அவசரத்தில் இரும்பு இரண்டு முனையிலும் பட்டுவிட்டால் பொறி பறக்கும் என்று. மைனஸை முதலில் கழற்றினார். இரண்டாவது நட்டு அசையவில்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து இறுகியிருந்தது. "கேத்தல கொண்டாங்க" என்றார். எனக்குச் சாயத்தண்ணி ஊற்றிய அதே கேத்தல், அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரோடு வந்தது. மெல்ல ஊற்றினார். பூத்தது கரைந்து ஓடியது. நட்டு திரும்பியது.

அந்தப் பேட்டரி ஓர் ஆள் தூக்கும் கனமில்லை. கொழுந்துச் சாக்கில் வைத்து இரண்டு பேர் தொட்டில் போலத் தூக்கி வந்து, காரின் அருகே ஒரு மரப்பெட்டி மேல் இறக்கினார்கள். யோகராஜ் காரின் பேட்டரியைக் குனிந்து பார்த்தார். வீங்கியிருக்கிறதா, வெடித்து ஒழுகுகிறதா என்று விரலால் ஓரங்களைத் தடவினார். இல்லை. என்னிடம், "கியர பார்க்கிங்ல போடுங்க. சாவிய எடுத்துருங்க. ஃபேன் கீன் எல்லாம் ஆஃப்" என்றார். பிறகு திரும்பி, "மாமா, பீடிய தூக்கிப் போட்டுட்டு தள்ளி நில்லுங்க. பேட்டரியில வாயு வரும்" என்றார்.

"இருவது வருஷமா பிடிக்கிறேன், ஒன்னும் ஆகல."

"இருவது வருஷமா பேட்டரி பக்கமா ஒக்காந்து பிடிச்சீங்க? போங்க மாமா!"

நானும் ஏதாவது செய்தாக வேண்டும். கேபிளின் ஒரு நுனியைக் கேட்டேன். கொடுத்தார். சிவப்புத் துணி கட்டிய நுனி காரின் பேட்டரி பிளஸ்ஸில் ஏறியது. "அதோட அடுத்த நுனிய எடுங்க சார்." தரையில் இரண்டு கறுப்பு நுனிகள் பின்னிக் கிடந்தன. ஒன்றை எடுத்து மரப்பெட்டியில் இருந்த பேட்டரியின் பிளஸ்ஸை நோக்கிக் கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கண்ண நம்பாதீங்க. துணி கட்டுன எடத்துலேர்ந்து கையால தடவிக்கிட்டே வாங்க."

தடவிக்கொண்டே வந்தேன். நடுவில் கேபிள் மற்றதன் அடியில் புகுந்து வெளியே வந்தது. நான் எடுத்தது மற்ற கேபிளின் நுனி. அதை மாட்டியிருந்தால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கும். சரியான நுனியை எடுத்து மாட்டினேன். இரண்டாவது கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் அவர் மாட்டினார். மீதி ஒரே ஒரு நுனி.

"அது காரு பேட்டரி மைனஸுக்குத்தானே?" என்றேன்.

"இல்ல சார். கடைசியா மாட்டும்போது ஒரு பொறி வரும். அது பேட்டரி மேல வரக் கூடாது." பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு தடித்த போல்ட்டைத் துணியால் துடைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதில் கவ்வவிட்டார். 'சட்' என்று ஒரு சின்ன நீலப் பொறி. அவ்வளவுதான்.

"இப்ப மூணு நிமிஷம்."

என் வாழ்க்கையில் நீளமான மூன்று நிமிஷம் அது. மதுவிடம் ஓடிப்போய் மறுபடியும் மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு முப்பது.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். 'கர்ர்... கர்...' என்று இழுத்து நின்றது. யோகராஜ் போல்ட்டில் இருந்த பிடியை அழுத்தித் திருகினார். "இப்ப." திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெண்கள் குலவையிடவில்லை, கை தட்டவில்லை. ஒருத்தி மட்டும், "ஐயோ, புள்ளய தூக்குங்கடீ!" என்றாள்.

மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் பிடிகளைக் கழற்றினார். எஞ்சின் போல்ட்டில் இருந்தது முதலில், சிவப்புத் துணி கடைசியில். பிறகு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "என்ன ஆனாலும் எஞ்சின நிறுத்தாதீங்க சார். நிறுத்துனா அங்கயேதான்."

பின்சீட்டில் மதுவும் லெச்சுமியும். நான் கண்ணாடியில் மதுவின் மார்பைப் பார்க்க முயன்றேன். "ரோட்ட பாருங்க சார்" என்றார் லெச்சுமி. "புள்ளய நான் பாத்துக்கறேன். ஏம்மா, ஒனக்கு எத்தன மாமா?"

"மூணு..."

"பேரு சொல்லு. வரிசையா."

மது பெயர் சொன்னாள். பிறகு அத்தைகள். சித்திகள். கூடப் படிக்கும் பெண்கள். நின்றால் லெச்சுமி அதட்டினார். "அப்புறம்? அவ்வளவுதானா ஒங்க சாதிசனம்?" அந்தக் குரல் ஓயாதவரை மகள் மூச்சு விடுகிறாள் என்று நான் வண்டியை ஓட்டினேன்.

ஹாலிஎலவுக்கு மேல் ஒரு வளைவில் மறுபடியும் மிஸ்ட். என் கை ஸ்டியரிங் ஓரத்துக் குமிழிடம் போய் நின்றுவிட்டது.

"போடலாமா?"

"எஞ்சின் ஓடுது சார். இப்ப போடலாம். போடுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் காவலர் எஞ்சினை அணைக்கச் சொல்லிச் சிங்களத்தில் அதட்டினார். யோகராஜ் ஓட்டுநர் இருக்கைக்கு மாறி அவரிடம் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மதுவைக் கையில் ஏந்தி உள்ளே ஓடினேன். ஐந்து வயதுக்குப் பிறகு அவளைத் தூக்கியது அன்றுதான். சிகிச்சை அறைக்குள் அவளை ஒப்படைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூச்சு இழுத்திருக்கிறது. அங்கே இருந்ததால் சமாளித்தார்கள். டாக்டர், "நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க" என்றார். நான் சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலாம் நாள். மதுவின் முகம் பழையபடி ஆகிவிட்டது. ஒன்பது கொட்டு. பக்கத்துக் கட்டிலில் லெச்சுமிக்கு இருபத்து மூன்று. இருவருக்கும் தேங்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். லெச்சுமி சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இதுல ஒறைப்பே இல்லையே. டவுன்காரங்களுக்கு நாக்கு செத்துருச்சு" என்றார்.

உடம்பு தேறியதும் மதுவுக்குக் கோபம் வந்துவிட்டது. என் போனை எடுத்து, நான் தடுப்பதற்குள், காரின் சொந்தக்காரரைக் கூப்பிட்டாள். "செத்த பேட்டரிய வச்சு வண்டி குடுக்கறீங்களே, ஒரு உயிர் போயிருந்தா என்ன பண்ணுவீங்க?" மறுமுனையில் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்பது எனக்கே கேட்டது. நாளைக் காலை புது பேட்டரியோடு வருகிறேன் என்றார். நான் ரொட்டிப் பொட்டலத்தின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் போனை வைத்ததும் லெச்சுமி சொன்னார். "பேட்டரிய ஏம்மா வையிற? அது ரெண்டு மணி நேரமா எரிஞ்சா பாவம் என்ன செய்யும்?"

"என்ன எரிஞ்சுச்சு?"

"லைட்டு. மேல தேயில நெரையிலேர்ந்து பாத்தா நல்லா தெரியுதே, ரெண்டு கண்ணு மாதிரி. இப்ப அணைப்பாங்க, இப்ப அணைப்பாங்கன்னு பாத்துக்கிட்டே பறிச்சேன். அணைக்கற மாதிரி இல்ல. சரி, வெளியூரு ஆளு, சொல்லிருவோம்னு நெரைய விட்டுட்டு கீழ எறங்குனேன். பாதையில ஒன்ன பாத்து, ஒங்க வண்டியாம்மான்னு கேக்கப் போனேன். அதுக்குள்ள மேலேருந்து வந்துருச்சு."

வார்டில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். மது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா?"

"ஆமாம்மா" என்றேன். "நான்தான். அம்மா போன் பண்ணினா. அப்படியே இறங்கிட்டேன். நேத்தே தெரியும்."

போனை என் பக்கம் நீட்டினாள். கார்க்காரரின் எண் திரையிலேயே இருந்தது.

வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன். பேட்டரி பழசில்லை, நான்தான் விளக்கை அணைக்காமல் விட்டேன் என்றேன். அவர் சிரித்தார். "கீழேருந்து வர்றவங்க செய்யிறதுதாங்க. மிஸ்டுல போடத் தெரிஞ்சுக்குவாங்க. வெயிலு வந்ததும் அணைக்க மறந்துருவாங்க. புள்ள நல்லா இருக்கா? அத சொல்லுங்க மொதல்ல."

திரும்பி வந்து லெச்சுமியின் கட்டில் அருகே நின்றேன். என்னால்தானே உங்களுக்கு இப்படி என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா கையை வீசினார். "நான் எறங்கலேன்னா எனக்கு கொட்டு இல்ல. ஆனா புள்ள பாதையில தனியா நின்னுருக்கும். இத எந்தப் பக்கம் நிறுப்பீங்க சார்? விடுங்க. அந்த ரொட்டிய இங்கிட்டு தள்ளுங்க."

இருபத்தாறு வருஷம் கணக்குப் போட்டவன். இன்றுவரை அதை நிறுக்க முடியவில்லை. விளக்கு எரியாமல் இருந்தால் கார் உடனே கிளம்பியிருக்கும். விளக்கு எரியாமல் இருந்தால் அந்தப் படங்கு மதுவின் மேல் விழுந்திருக்காது. இரவில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.

ஐந்தாம் நாள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, லெச்சுமியைக் காரில் கொண்டுபோய் விட்டோம். யோகராஜ் முந்தின நாளே பஸ்ஸில் போய்த் தன் பேட்டரியை லொறியில் மாட்டிவிட்டாராம். ஹாலிஎல தாண்டியதும் மிஸ்ட். விளக்கைப் போட்டேன். மது முன்சீட்டில் இருந்தாள், அன்று காலையிலிருந்து என்னிடம் பேச ஆரம்பித்திருந்தாள், கொஞ்சமாக.

மடுவத்துக்கு முன்னால், சரிவைப் பார்த்து நிறுத்தினேன். லொறிக்கு நாலு சக்கரமும் இருந்தன. குமிழைத் திருகினேன். சாவியை எடுத்தேன். இறங்கி, காரைச் சுற்றி முன்பக்கம் போய், குனிந்து, இரண்டு விளக்கையும் பார்த்தேன். வெயிலில் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியின் மேல் உள்ளங்கையைக் குவித்து நிழல் செய்து பார்த்தேன். ஒரு தடவை. இன்னொரு தடவை.

பின்கதவைத் திறந்து இறங்கிய லெச்சுமி, கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டே என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அணைஞ்சிருச்சு சார்" என்றார். "நான் பாத்துட்டேன். வாங்க."